மணிக்கட்டில் ஒரு கேள்வி

காக்களூர்ப் பஸ் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால், உலகத்திலுள்ள வர்ணங்கள் அத்தனையும் அங்கே வந்து கூடியிருப்பதாகத் தோன்றும். தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் நீலச் சட்டையிலும் சாம்பல் சட்டையிலும் பழுப்புச் சட்டையிலும் வந்து சேருவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு நாடா. நாடாவின் நுனியில் ஓர் அடையாள அட்டை. நாடாவின் நிறத்தைக் கொண்டே "இவர் இன்ன கம்பெனி" என்று சொல்லிவிடக் கூடியவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே சீருடை. ஒரே மாதிரியான மூட்டை முதுகில். திருவள்ளூர் பஸ்ஸை எதிர்பார்த்து அவர்கள் நிற்கிற அழகே அழகு.

சென்ற வாரம் அப்படி நின்ற இரண்டு பையன்களின் வலது கையை நான் கவனிக்க நேர்ந்தது. இரண்டு பேருக்கும் பதின்மூன்று வயது இருக்கலாம். இரண்டு பேர் மணிக்கட்டிலும் கயிறு.

"ஏன் தம்பி, கையிலே என்ன கயிறு?" என்று முதல் பையனைக் கேட்டேன்.

"திருத்தணியிலே கட்டினது தாத்தா. போன கிருத்திகைக்கு அம்மா கூட்டிக்கிட்டுப் போனாங்க."

"உன் கையிலே?"

"இது எங்க மாமா கொடுத்தது. எங்க ஆளுங்க எல்லாரும் கட்டுவாங்க" என்றான் இரண்டாவது பையன்.

"எங்க ஆளுங்க என்றால் யாரப்பா?"

பையன் என்னைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற சிநேகிதனை ஒரு தரம் பார்த்தான். பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பொருள் காண்பதற்குப் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

* * *

இரண்டு கயிறும் பார்வைக்குக் கயிறுதான். ஆனால் அவற்றில் ஒருவகைக் கயிறு நம் நாட்டில் செய்திருக்கும் காரியத்தை நேயர்கள் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

2019-ஆம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பயிற்சியிலிருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சிலர் பள்ளிக்கூடங்களில் தாங்கள் கண்டதைத் தெரிவித்திருந்தார்கள். அதன்மேல் பிறந்த சுற்றறிக்கை அது. சில பள்ளிக்கூடங்களில் மாணவர்கள் தங்கள் ஜாதியைக் காட்டுவதற்காகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் பிரித்துக் கையில் பட்டை கட்டுகிறார்கள். விளையாட்டுக் கோஷ்டிக்கு ஆள் பொறுக்குவதும், மத்தியான இடைவேளையில் கும்பல் சேருவதும் அந்த நிறங்களைக் கொண்டே நடக்கின்றன. மோதிரமும் நெற்றித் திலகமும்கூட இதற்குப் பயன்படுகின்றன. அப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

உடனே எதிர்ப்புக் கிளம்பிற்று. கையில் கயிறு கட்டுவதும் நெற்றிக்கு இடுவதும் ஹிந்து சமய வழக்கங்கள், அவற்றில் சர்க்கார் கை வைக்கலாமா என்று பாரதிய ஜனதா கட்சியின் எச். ராஜா முதலியோர் கேட்டார்கள். ஆகஸ்டு மாதத்தின் நடுவிலேயே, அப்போது கல்வி மந்திரியாயிருந்த செங்கோட்டையன், சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் போய்விட்டது என்றும் பழைய நடைமுறையே தொடரும் என்றும் சொல்லிவிட்டார். சுற்றறிக்கையின் ஆயுள் சுமார் இரண்டு வாரம்!

கயிற்றின் ஆயுள் அதைவிட அதிகம். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள பள்ளக்கால் பொதுக்குடி சர்க்கார் பள்ளிக்கூடத்தில், கையில் கட்டிய கயிற்றைப் பற்றி மாணவர்களுக்குள் வார்த்தை முற்றிக் கைகலப்பாயிற்று. அடிபட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பையன் சில தினங்களில் ஆஸ்பத்திரியில் இறந்தான். 2023 ஆகஸ்டு 9-ந் தேதி இரவு நாங்குநேரியில், தலித் குடும்பத்துப் பையன் ஒருவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு தேடிச் சென்று அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் தன்னைப் படுத்தியவர்களைப் பற்றி அவன் முறையிட்டதே அவன் செய்த பிழை.

நாங்குநேரிக்குப் பிறகு மாஜி ஹைகோர்ட்டு நீதிபதி கே. சந்துருவைத் தலைவராகக் கொண்டு சர்க்கார் விசாரணைக் கமிட்டி அமைத்தது. 2024 ஜூன் 18-ந் தேதி அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடங்களின் பெயரிலிருந்து ஜாதிப் பெயரை நீக்குவது, வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைப்பது, உபாத்தியாயர்களைக் காலத்துக்குக் காலம் இடம் மாற்றுவது என்று பல சிபார்சுகள். வர்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் கூடாது என்பதும், சைக்கிளில் ஜாதி வர்ணம் தீட்டலாகாது என்பதும் அவற்றில் சேர்ந்தவை. மறுபடியும் அதே எதிர்ப்பு; அதே வாதம்.

* * *

இந்த எதிர்ப்பை நான் பரிகாசம் செய்ய விரும்பவில்லை. நம் நாட்டில் கயிறு என்பது எளிதான பொருள் அல்ல. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம். வரலக்ஷ்மி நோன்புக்குச் சரடு. குழந்தைக்குக் கண் படாமலிருக்கக் கறுப்புக் கயிறு. நாகூர் தர்காவிலிருந்து வந்த கயிற்றைக் கட்டிக்கொண்டு ஜுரம் தீர்ந்ததாகச் சொல்லும் ஹிந்துத் தாய்மார்கள் எத்தனையோ பேர். ஐந்து வயதுக் குழந்தை இரவில் பயந்து அழுதால், ஒரு முழம் நூலைத் தவிரத் தாயின் கையில் வேறு என்ன மருந்து இருக்கிறது? அதைப் பள்ளிக்கூட வாசலில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒருவர் வெட்டினால், அந்தத் தாயின் மனம் நோகாதா?

தேசத்தின் சரித்திரத்திலேகூட ஒரு கயிறு உண்டு. 1905 அக்டோபர் 16-ந் தேதி கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தபோது, ரவீந்திரநாத தாகூர் கல்கத்தா வீதியில் இறங்கி ஹிந்துவென்றும் முஸ்லிமென்றும் பாராமல் எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் ராக்கி கட்டினார். பிளப்பதற்கு எதிராக இணைப்பதற்குக் கட்டிய கயிறு அது.

ஆகவே "கயிறே கூடாது" என்று ஒரே வரியில் உத்தரவு போடுவது சுலபம். அதற்கு நியாயம் சொல்வது சுலபமல்ல. "கயிற்றை எல்லாம் விட்டுவிடு" என்று சொல்லி இருப்பதோ, உயிருக்கே உலை வைக்கிறது. நடுவில் நிற்கும் உபாத்தியாயர் என்ன செய்வார்? அவர் என்ன சோதிடரா, இது சாமி கயிறு, இது ஜாதிக் கயிறு என்று நூலைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல?

* * *

இந்த யோசனையோடு எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு கடைசல் பட்டறைக்குப் போயிருந்தேன். அன்று புதிதாக ஒரு பையன் வேலை பழக வந்திருந்தான். கையில் சிவப்புக் கயிறு. லேத்து மிஷினுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே போர்மன் அவனை நிறுத்திவிட்டார்.

"கயிறு, மோதிரம், வாட்சு எதுவும் ஆகாதுப்பா. சுத்தற மிஷினு சாமி கயிறுன்னு பார்க்குமா, சாதிக் கயிறுன்னு பார்க்குமா? கையைச் சேர்த்து இழுத்துக்கும்" என்றார்.

பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கயிற்றை அவிழ்த்தான், இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டான், பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மிஷினண்டை போனான். அவன் பக்திக்கு ஒரு குறைவும் வந்ததாகத் தெரியவில்லை. சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உணவுப் பண்டம் தயாராகும் தொழிற்சாலைகளிலும் வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். "எங்கள் சமயம் புண்பட்டது" என்று யாரும் அங்கே கூச்சல் போடுவதில்லை. காரணம் வெளிப்படை. கை போய்விடும், பண்டம் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

அப்படியானால் நாம் பள்ளிக்கூடத்தைப் பட்டறையைவிட அபாயம் குறைந்த இடம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா ஆகிறது? பள்ளக்காலிலும் நாங்குநேரியிலும் நடந்ததைக் கேட்ட பிறகும் அப்படி எண்ணலாமா?

* * *

"உங்கள் காந்தி குல்லா மட்டும் என்னவாம்? தேசியப் போராட்டத்தில் மாணவர்கள் சின்னம் அணியவில்லையா?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. 1930-ஆம் வருஷத்தில் குண்டூர் ஜில்லாவில் காந்தி குல்லா அணியலாகாது என்று வெள்ளைக்கார சர்க்கார் உத்தரவே போட்டது. அணிந்தவர்களை வீரர்கள் என்று நாம் கொண்டாடுகிறோம்.

வித்தியாசம் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தோன்றியது: காந்தி குல்லாவை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். "நீ எந்தத் தெரு?" என்று குல்லா கேட்பதில்லை. திருத்தணிக் கயிற்றையும் நாகூர்க் கயிற்றையும் கேட்டவருக்குக் கட்டி விடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது பையனின் கயிற்றைப் பக்கத்துப் பையன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? உதை விழும். அதுதான் பரீட்சை. பக்கத்து மணையில் உட்காரும் பிள்ளை கட்டிக்கொள்ளக் கூடிய கயிறு பக்திக் கயிறு. கட்டிக்கொண்டால் உதை விழும் கயிறு ஜாதிக் கயிறு. இந்தச் சோதனைக்கு உபாத்தியாயர் சோதிடராக இருக்க வேண்டியதில்லை.

"சேராதவர் அணியக் கூடாத சின்னங்கள் வேறு தேசங்களிலும் உண்டே?" என்று கேட்கலாம். உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சகோதரி சங்கங்கள் அமைத்துக்கொண்டு, கிரேக்க எழுத்துக்களைச் சட்டையில் பொறித்து அணிகிறார்கள். சங்கத்தில் சேராதவள் அந்த எழுத்தை அணிந்தால் பெரும் மனவருத்தமாகிவிடும். அப்படிப்பட்ட ஒரு சங்கம் ஆல்பா காப்பா ஆல்பா. 1908-ஆம் வருஷத்தில், வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு சர்வகலாசாலையில், கறுப்பின மாணவிகள் தொடங்கியது. 2021 முதல் 2025 வரை அந்நாட்டின் உப ஜனாதிபதியாக இருந்த கமலா ஹாரிஸ் அதில் ஒரு சகோதரி. அவருடைய தாய்வழிப் பாட்டனார் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்துக்காரர் என்பதால் நமக்கும் அதில் சற்று உரிமை! அடிமைகளின் பேத்திகள், "நாங்களும் கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம்" என்று தலை நிமிர்வதற்காக அணிந்த எழுத்து அது. படித்து, மனுப் போட்டு, சேர்ந்து பெற வேண்டியது. தொட்டிலோடு வருவது அல்ல.

படிப்பினால் வருகிற அடையாளம் என்றால் எல்லாம் சரிதானா என்றால், அதுவும் இல்லை. எங்கள் திருவள்ளூர் ரயில் பாதையே அதற்குச் சாட்சி. 1840-ல் தோன்றிய மாநிலக் கல்லூரி, 1842-ல் தோன்றிய பச்சையப்பன் கல்லூரி இரண்டும் தமிழ்நாட்டுக்கு எத்தனை மேதைகளைத் தந்தவை! அந்த இரண்டு கல்லூரி மாணவர்களுக்குள்ளே "ரூட்டு தல" என்று ஒரு விபரீதப் பெருமை ஏற்பட்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் கத்தியும் கல்லுமாய் நடந்தவை பல. 2024 அக்டோபர் ஆரம்பத்தில், திருத்தணிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு பிள்ளை, சென்னை சென்ட்ரலில் மற்றக் கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டுச் சில தினங்களில் உயிர் நீத்தான். தினந்தோறும் காக்களூரை ஒட்டிப் போகிற பாதையில் வந்து போன பிள்ளை அவன்.

ஆகவே பரீட்சையில் இரண்டாவது கேள்வியும் வேண்டும்: இந்தச் சின்னத்தைக் கண்டு பக்கத்துப் பிள்ளை அஞ்சுகிறதா? அஞ்சுகிறது என்றால், அந்தச் சின்னம் எத்தனை உயர்ந்த இடத்திலிருந்து வந்ததானாலும் வகுப்பறைக்கு வெளியே அதன் இடம்.

இங்கே ஒரு வார்த்தை. தாழ்த்தி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் சில இடங்களில் தங்களுக்கென்று ஒரு கயிறு கட்டிக்கொள்கிறார்கள். அவர்களையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுக்கலாகாது. பயமுறுத்துவதற்குக் கட்டுவதும், பயப்படாமலிருப்பதற்குக் கட்டுவதும் ஒன்றாகாது. ஆனால் வகுப்பறையில் இரண்டுமே கடைசியில் ஒரு பிள்ளையின் உயிருக்குக் குறியாகிவிடுகின்றன. ஆகையால் இரண்டும் அவிழ வேண்டும். முதலில் கட்டியவர்கள் முதலில் அவிழ்க்க வேண்டும். அதுதான் முறை.

* * *

இனி, இந்தக் கயிற்றை யார் கட்டி விடுகிறார்கள் என்பதைப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு நிறம் பார்த்து நூல் வாங்கத் தெரியாது. "மாமா கொடுத்தது" என்றானே, அதுதான் உண்மை. பள்ளிக்கூடத்து நோய் என்று நாம் சொல்வது வீட்டில் பிறந்து, சீருடை போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.

அதே திருநெல்வேலிச் சீமையில், பள்ளக்கால் பையன் மாண்ட 2022-க்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1922-ல், வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேச விடுதலைக்காக லண்டனையும் பாரிஸர் பட்டணத்தையும் புதுச்சேரியையும் அலைந்து கண்ட அந்த மகா வீரர், தேசபக்தர்களை வளர்ப்பதற்கென்றே அமைத்த பள்ளிக்கூடம் அது. காங்கிரஸும் பணம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்தபோது தமிழ்நாடே கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமி நாயக்கரும் போர்க்கொடி தூக்கினார்கள். விவகாரம் காந்தி மகான் வரையில் போயிற்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று 1925-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி தீர்மானம் செய்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் ஐயர் உயிர் துறந்தார், குருகுலமும் நிலைக்கவில்லை.

தனிப் பந்தி ஏன் வந்தது? அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் வற்புறுத்தினார்கள் என்பதே ஐயர் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். வெள்ளைக்காரனுக்கு அஞ்சாத வீரரால் இரண்டு வீட்டுப் பெற்றோரின் சொல்லைத் தட்ட முடியவில்லை! அன்று பந்தியில் போட்ட கோடு, இன்று மணிக்கட்டில் கயிறு. கோடு கிழித்த கையும் கயிறு கட்டிய கையும் வீட்டிலிருந்தே வந்தன.

பிற்காலத்தில் காமராஜர் முதன் மந்திரியாக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முதலியோரின் முயற்சியால் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடும் சீருடையும் கிடைத்தன. ஒரே பந்தி, ஒரே உடை. பணக்காரப் பிள்ளை யார், கூலிக்காரன் பிள்ளை யார் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி செய்வதற்கு ஒரு சர்க்கார் கோடிக் கணக்கில் செலவழித்தது. அத்தனையையும் ஒரு காலணா நூல் தோற்கடித்துவிட்டது என்றால், நாம் வெட்கப்பட வேண்டாமா?

எனவே என் சிபார்சு கமிட்டிக்கு அல்ல, இதைப் படிக்கிற வீட்டுக்காரர்களுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பென்சில் இருக்கிறதா, சாப்பாட்டு டப்பா இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கூடவே மணிக்கட்டையும் ஒருமுறை பாருங்கள். சாமி கயிறாக இருந்தால், பட்டறைப் பையன் செய்ததுபோலக் கண்ணில் ஒற்றிச் சுவாமி படத்தண்டை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சாயங்காலம் கட்டிக்கொள்ளட்டும். வகுப்பில் ஒரு பிள்ளையின் பயம் தீருமானால், எந்தத் தெய்வம் அதற்குக் கோபிக்கப் போகிறது? ஜாதிக் கயிறாக இருந்தால், சாயங்காலத்துக்கும் வேண்டாம்.

* * *

நேற்று அந்த இரண்டு பையன்களையும் அதே இடத்தில் பார்த்தேன். என் பரீட்சையை நடத்திப் பார்க்கும் ஆசை எனக்கு.

"ஏன் தம்பி, உன் கயிற்றை உன் சிநேகிதன் கேட்டால் கொடுப்பாயா?" என்று திருத்தணிப் பையனைக் கேட்டேன்.

"ஓ!" என்று சொல்லிக்கொண்டே அவன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "இவனுக்கும் பரீட்சை வருது தாத்தா. கட்டிக்கட்டும்."

மற்றப் பையனிடம் திரும்பினேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் சட்டைக் கையைக் கீழே இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது. அவன் கெட்டவன் அல்ல. கொடுக்க முடியாத ஒரு பொருளைக் கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது போலிருக்கிறது.

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொண்டு ஏறினார்கள். அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். மாமா அவர்களே, தயவு செய்து கொஞ்சம் யோசியுங்கள்.